கூடுவிட்டுக் கூடு பாயும் என்ஜின்



விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்மன்னன் தன்னுடலை ஓரிடத்திற் கிடத்திவிட்டு, வேறோர் உடலினுட் புகுந்து உலவும் வித்தையை அறிந்திருந்தான் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த வித்தைக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பெயர். அத்தகைய வித்தையொன்று நம் ஊர்க் கராஜ்களில் நாள்தோறும் நடைபெற்று வருகின்றது. பழைய மொறிஸ் காரின் உடலினுள் யப்பானிய என்ஜின் ஒன்று புகுகின்றது. பெற்றோலில் ஓடிய பெட்போர்ட் லொறி, டீசல் என்ஜின் பூண்டு மறுபிறவி எடுக்கின்றது. ஒரு கம்பனியின் வாகனத்திற்கு வேறொரு கம்பனியின் என்ஜினைப் பொருத்தும் இந்தக் கலையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகின்றேன்.

இதனை ஏன் இப்பொழுது பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் நாட்டிற்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025ஆம் ஆண்டில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டதாயினும், புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே, பாட்டன் வாங்கிய காரையும் தந்தை ஓட்டிய லொறியையும் இன்னும் சில காலம் ஓடச் செய்ய வேண்டிய தேவை பல வீடுகளில் உண்டு. உடல் உறுதியாக இருக்கின்றது, என்ஜின் தேய்ந்துவிட்டது, அதற்குரிய உறுப்புகளோ கடைகளில் இல்லை. இந்நிலையில், வேறு என்ஜின் பூட்டினால் என்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே.

இவ்வெண்ணம் ஏதோ வறுமையினாற் பிறந்தது என்று வெட்கப்பட வேண்டுவதில்லை. பெரிய கம்பனிகளே இதைச் செய்திருக்கின்றன. நம் வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டில் அது வெளிவந்தபோது, அதனுள் இருந்தது மொறிஸ் கம்பனியின் 918 கனசென்ரிமீற்றர் பழைய என்ஜின். 1952ஆம் ஆண்டில் மொறிஸ் கம்பனியின் தாய் நிறுவனமும் ஒஸ்ரின் கம்பனியும் ஒன்றாக இணைந்தன. அதுவரை போட்டியாளராயிருந்த ஒஸ்ரினின் சிறு காருக்கென அமைந்த 803 கனசென்ரிமீற்றர் என்ஜின், அவ்வாண்டிலேயே மொறிஸ் மைனரினுள் புகுந்துவிட்டது. புதிய என்ஜின் சிறியது. ஆகவே பின் அச்சிலுள்ள பற்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. முன்னர் 4.55 ஆக இருந்த விகிதம் 5.286 ஆக்கப்பட்டது. என்ஜினை மாற்றினால் அதனோடு வேறொன்றையும் மாற்ற வேண்டும் என்னும் பாடத்தைக் கம்பனியே அன்று நமக்குக் கற்பித்தது.

மைனரின் முகப்பினுள் என்ஜினுக்குரிய இடம் ஏன் அவ்வளவு அகன்று கிடக்கின்றது என்று நீங்கள் வியந்திருக்கலாம். அதனை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் அகன்ற என்ஜின் ஒன்றை மனத்திற்கொண்டே அந்த இடத்தை வகுத்தார். அவர் விரும்பிய என்ஜின் உற்பத்திக்கு வரவில்லை. அகன்ற இடம் மட்டும் எஞ்சியது. பின்னாளில் உலகெங்கும் எத்தனையோ பேர் பிற கம்பனிகளின் என்ஜின்களை மைனருக்குப் பூட்டுவதற்கு அந்த அகலம் துணையாயிற்று.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஸ்ராண்டர்ட் கம்பனி ஒரே என்ஜின் குடும்பத்தை வான்காட் என்னும் குடும்பக் காருக்கும், வயலில் உழும் சாம்பல் நிறப் பெர்குசன் உழவு இயந்திரத்திற்கும், ட்ரயம்ப் ரீ.ஆர்.2 என்னும் விளையாட்டுக் காருக்கும் பயன்படுத்தியது. ஏர் இழுத்ததும் பந்தயத்தில் ஓடியதும் ஒரே குலத்து என்ஜின்களே. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்ற பழமொழி இங்கு எவ்வளவு பொருத்தமாக அமைகின்றது, பாருங்கள்.

லொறிகளின் வரலாற்றிலே பேர்க்கின்ஸ் என்னும் பெயர் சிறப்பிடம் பெறுவது. பிராங்க் பேர்க்கின்ஸ் என்பவர் 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பீற்றர்பரோ நகரில் தமது கம்பனியைத் தொடங்கினார். அக்காலத்து டீசல் என்ஜின்கள் பாரமானவை, மெதுவாகச் சுழல்பவை. பெற்றோல் என்ஜின் இருந்த இடத்தில் அமரத்தக்க, விரைந்து சுழலும் டீசல் என்ஜினை ஆக்குவதே அவரது நோக்கம். 1937ஆம் ஆண்டில் வந்த அவரது ஆறு சிலிண்டர் பி6 என்ஜின், பல கம்பனிகளின் பெற்றோல் லொறிகளிற் பூட்டப்பட்டது. அவர் தனியாக லொறி செய்யவில்லை. பிறர் செய்த லொறிகளுக்கு உயிர் செய்து கொடுத்தார் எனலாம்.

அயல்நாடாகிய இந்தியாவில், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் வழிவந்த அம்பாசடர் கார் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்டது. அதன் உடல் பெரிதும் மாறாதிருக்க, 1990களின் தொடக்கத்தில் அதனுள் யப்பானின் இசுசு கம்பனி வடிவமைத்த 1.8 லீற்றர் என்ஜின் புகுந்தது. தன் ஐந்து வேகக் கியர்ப் பெட்டியையும் அது உடன் கொண்டு வந்தது. சோடியாகக் கொண்டு வந்தமையே அம்மாற்றத்தின் சிறப்பு. அதனைப் பின்னர் விளக்குவேன்.

நம் நாட்டின் வடபகுதியில் இந்தக் கலை வேறொரு வகையில் வளர்ந்தது. 1990ஆம் ஆண்டு முதல் அங்கே பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலை ஊற்றி என்ஜினைக் கிளப்பிவிட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய பிரித்தானிய என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையாலேயே அது இயன்றது. எனினும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் சுவர் வழியே கீழிறங்கி, மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. பல என்ஜின்கள் அதனால் தேய்ந்தொழிந்தன. பிற்காலத்தில் அக்கார்களிற் பல டீசல் என்ஜினைத் தேடிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, செய்முறைக்கு வருவோம். வேறு என்ஜின் பூட்ட எண்ணுபவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எந்த என்ஜின் என்பதன்று; ஏன் என்பதே. சிலிண்டரை மீளத் துளைத்து, புதிய பிஸ்ரன் இட்டு, பழைய என்ஜினையே திருத்த முடியுமாயின், பெரும்பாலும் அதுவே செலவு குறைந்த வழி. உறுப்புகள் அறவே கிடைக்காதபோதும், சிலிண்டர் உடல் வெடித்துப்போனபோதும், நாள்தோறும் நெடுந்தூரம் ஓடி எரிபொருட் செலவு தாங்க முடியாதபோதும் மாற்றத்தை எண்ணலாம். அயலவர் மாற்றினார் என்பதற்காக நாமும் மாற்றுவது அறிவுடைமையாகாது.

இரண்டாவதாக, அளவு. கடையில் என்ஜினை வாங்கி வீட்டிற்குக் கொண்டுவந்தபின் அளப்பவர் பலர். அளந்தபின் வாங்குவதே முறை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் போதா. என்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியின் ஆழமான பகுதி முன்பக்கம் உள்ளதா, பின்பக்கம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடிச்சட்டத்தின் குறுக்கு விட்டம் முன்னே இருக்க, தொட்டியின் ஆழமும் முன்னே இருந்தால் இரண்டும் மோதும். அப்போது சிலர் குறுக்கு விட்டத்தை வெட்டிவிடுகிறார்கள். முன் சக்கரங்களைத் தாங்கி நிற்பது அந்த விட்டமே என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வெட்ட வேண்டியது, வெட்டித்தான் ஆக வேண்டுமாயின், எண்ணெய்த் தொட்டியையேயன்றி விட்டத்தையன்று. தொட்டியை மாற்றி ஒட்டினால், எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அதுபோலவே, புகைபோக்கிக் குழல் எப்பக்கம் வருகின்றது, சுக்கான் தண்டு எப்பக்கம் செல்கின்றது என்பதையும் ஒப்புநோக்க வேண்டும். நம் நாட்டில் சுக்கான் வலப்புறத்தில் உள்ளது. இடப்புறச் சுக்கானுக்கென்று அமைந்த என்ஜினில் புகைபோக்கி வலப்பக்கமாக வந்து சுக்கான் தண்டைச் சுட்டெரிக்கக்கூடும்.

மூன்றாவதாக, பாரம். ஒரே அளவுள்ள பெற்றோல் என்ஜினிலும் டீசல் என்ஜின் பாரங்கூடியது. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை மிக இறுக்கி, அதனால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளைக் கொளுத்துகின்றது. அந்த அமுக்கத்தைத் தாங்குவதற்கு இரும்பு தடித்திருக்க வேண்டும். கூடுதற் பாரம் முழுவதும் முன் அச்சின்மேல் விழும், முன் விற்கள் தாழும், சுக்கான் கனக்கும், பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரங்களின் சுமை பெருகும். ஆகவே விற்களையும் பிரேக்குகளையும் முன்கூட்டியே வலுப்படுத்துதல் அவசியம்.

நான்காவது, இணைப்பு. ஒட்டு மாங்கன்று கட்டத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாய்மரத்தின் பட்டையும் ஒட்டின் பட்டையும் நேர்பட்டாலன்றி ஒட்டுப் பிடிக்காது. என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலும் அவ்வாறே. ஒரு கம்பனியின் என்ஜினிலுள்ள துளைகள் மற்றொரு கம்பனியின் கியர்ப் பெட்டித் துளைகளோடு பொருந்துவதில்லை. எனவே இரண்டிற்கும் நடுவில் தடித்த உலோகத் தகடொன்றைக் கடைந்து பூட்டுவர். அத்தகட்டின் ஒரு பக்கம் என்ஜினை அறியும். மறுபக்கம் கியர்ப் பெட்டியை அறியும். ஆனால் துளைகள் பொருந்திவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. கிராங்குத் தண்டின் நடுவும் கியர்ப் பெட்டியின் உட்செல்லும் தண்டின் நடுவும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது மில்லிமீற்றரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு விலகினாலே பொறுக்கத்தக்க எல்லை வந்துவிட்டது என்று கொள்வர். இதனைக் கண்ணால் அறிய முடியாது. முள் சுழலும் அளவுமானியைக் கிராங்குத் தண்டிற் பொருத்திச் சுற்றியே அறிய வேண்டும். முதற் கோணல் முற்றுங் கோணல் என்பார்கள். இங்கே நேர்ந்த கோணல், சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபின் உடைந்த போலாகவும் முறிந்த தண்டாகவும் வெளிப்படும்.

கிளச்சுத் தட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டின் வெளிவட்டம் என்ஜினின் பிளைவீலோடு பொருந்த வேண்டும்; நடுத்துளையிலுள்ள பற்கள் கியர்ப் பெட்டித் தண்டின் பற்களோடு பொருந்த வேண்டும். இரு வேறு கம்பனிகள் எனில், ஒன்றின் வெளிவட்டத்தில் மற்றொன்றின் நடுப்பகுதியை இறுக்கிச் செய்த தட்டு வேண்டும். இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்பவர்களுக்கு அம்பாசடர் காட்டிய வழி உண்டு. என்ஜினையும் அதன் கியர்ப் பெட்டியையும் சோடி பிரிக்காமல் வாங்கிவிடுவதே அவ்வழி. அப்போது கடினமான இணைப்புப் பின்னோக்கி நகர்ந்து, பின் அச்சிற்குச் செல்லும் நீண்ட தண்டில் வந்து நிற்கும். அத்தண்டை வெட்டியோ நீட்டியோ, பின்னர் அதிராதவாறு சமன்செய்தோ கொள்ளலாம். கியர்ப் பெட்டியின் வெளித்தண்டும் பின் அச்சின் உட்தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கும்படி என்ஜினைத் தாங்கிகளில் அமர்த்த வேண்டும். இல்லையேல் ஓடும்போது கார் முழுவதும் நடுங்கும். கியர் மாற்றும் கோல் சுக்கானின் கீழிருந்து நிலத்திற்கு வரும். வேகமானியின் கம்பியும் மாறும்.

ஐந்தாவது, வேகக் கணக்கு. இதனைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். விட்டம் 60 சென்ரிமீற்றர் உள்ள சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 1.88 மீற்றர் தூரம் செல்லும். பின் அச்சின் விகிதம் 4.55 எனில், நேர்க் கியரில் என்ஜின் 4.55 முறை சுழலச் சக்கரம் ஒருமுறை சுழலும். பழைய பெற்றோல் என்ஜின் நிமிடத்திற்கு 4,400 முறை சுழன்றபோது, கார் மணிக்கு 109 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியிருக்கும். அந்த இடத்தில், நிமிடத்திற்கு 3,000 சுழற்சியில் நிம்மதியாக ஓடும் டீசல் என்ஜினைப் பூட்டினால், அதே விகிதத்தில் கார் மணிக்கு 75 கிலோமீற்றரையும் எட்டாது. ஓட்டுபவர் பொறுமையிழந்து அழுத்துவார், என்ஜின் கதறும், எரிபொருளை மிச்சப்படுத்த வந்த என்ஜின் அதையும் விழுங்கும். பின் அச்சின் விகிதத்தை 3.9 ஆக மாற்றினால், அதே 3,000 சுழற்சியில் 87 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். ஐந்தாம் கியர் உள்ள பெட்டியும் இதே பயனைத் தரும். காகிதமும் பென்சிலும் கொண்டு கால்மணி நேரத்திற் செய்யக்கூடிய இந்தக் கணக்கைச் செய்யாமையால் மனம் நொந்தவர்கள் பலர்.

இனி நான் சொல்லப்போவது கணக்கன்று. என் கண்ணாற் கண்டது.

1979ஆம் ஆண்டு. அப்போது யான் பள்ளி மாணவன். என் மாமாவிடம் பெற்றோலில் ஓடும் பெட்போர்ட் லொறியொன்று இருந்தது. வெங்காயமும் புகையிலையும் ஏற்றித் தென்பகுதிக்குச் சென்று, திரும்பும்போது மலைநாட்டு மரக்கறி ஏற்றி வருவார். அவ்வாண்டில் பெற்றோல் விலை ஏறியது. பெற்றோலுக்குக் கொடுத்தது போக, வீட்டிற்குக் கொண்டுவர ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தையின் காப்பை அடகு வைத்து, யப்பானிலிருந்து வந்த பழைய டீசல் என்ஜின் ஒன்றை வாங்கி, தெரிந்த ஒரு கராஜிற் கொடுத்துப் பூட்டுவித்தார். வேலை துப்புரவாக இருந்தது. என்ஜின் முதல் அடியிலேயே கிளம்பியது. எங்கள் தெருவில் லொறியை ஓட்டிக் காட்டியபோது மாமாவின் முகத்தில் இருந்த பூரிப்பு இன்னும் என் கண்முன் நிற்கின்றது.

பள்ளி விடுமுறையாதலால் அடுத்த பயணத்தில் என்னையும் ஏற்றிச் சென்றார். கண்டியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு மாத்தளை நோக்கித் திரும்பினோம். பலகடுவைக் கணவாயில் வீதி வளைந்து வளைந்து இறங்கும். இரண்டாவது வளைவில் மாமா பிரேக்கை மிதித்தார். மிதி கல்லைப்போல் இறுகி நின்றது. இரு கால்களையும் வைத்து மிதித்தார். இருக்கையை விட்டு எழுந்தே மிதித்தார். லொறி மெல்லக் குறைந்ததேயன்றி நிற்கவில்லை. கியரைக் கீழே இறக்கி, கைப்பிரேக்கையும் இழுத்து, எதிரே பஸ் ஒன்று வருவதைக் கண்டதும், இடப்புறத்து மண்மேட்டில் லொறியைச் சாய்த்து உரச விட்டார். லொறி நின்றது. பின்னால் இருந்த கிளீனர்ப் பையன் தூக்கியெறியப்பட்டு, அவனுடைய கை முறிந்தது. கோவாவும் லீக்சும் வீதியெங்கும் உருண்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து எங்களைத் தூக்கினார்கள்.

காரணம் என்ன? பெற்றோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அதன் வழியை மறித்து நிற்கும் கதவொன்று உண்டு. அதனால் உட்குழாயில் ஒருவகை வெற்றிடம் பிறக்கின்றது. அந்த வெற்றிடத்தின் இழுவையையே துணையாகக் கொண்டு லொறியின் பிரேக் வேலை செய்தது. ஓட்டுபவரின் கால் வலுவை அது பன்மடங்காக்கியது. டீசல் என்ஜினிலோ பொதுவாக அந்தக் கதவு கிடையாது, காற்று தடையின்றிச் செல்லும், வெற்றிடமும் பிறவாது. அதனாலேயே டீசல் வாகனங்களில் வெற்றிடத்தை உண்டாக்குவதற்கென்று தனியாக ஒரு பம்பு வைப்பார்கள். மாமா வாங்கிய என்ஜினிலும், மின்னாக்கியின் பின்புறத்தில் அந்தப் பம்பு இருந்தது. அதிலிருந்து செல்ல வேண்டிய குழாயை மடித்து, கம்பியாற் கட்டிவிட்டிருந்தார்கள். பூட்டியவருக்கு அது எதற்கென்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்துச் சமதரையில், வெறும் லொறியை ஓட்டிப் பார்த்தபோது அதன் குறை புலப்படவுமில்லை.

பின்னர் மாமாவும் நானும் அந்தக் கராஜிற்குச் சென்றோம். அவர் சண்டை பிடிக்கவில்லை. மடித்துக் கட்டிய குழாயைக் காட்டினார். கராஜ்காரர் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்துவிட்டு, "அண்ணை, என்ஜின் நல்லாத்தானே ஓடினது" என்றார். அது உண்மை. என்ஜின் நன்றாகத்தான் ஓடியது. நிற்க வேண்டிய லொறிதான் நிற்கவில்லை. குழாயைப் பூட்டுவதற்குப் பத்து நிமிடமே சென்றது. கிளீனர்ப் பையனின் கை முழுதாக நிமிரவேயில்லை. மாமா இருக்கும்வரை அவன் குடும்பத்திற்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து வந்தார். அத்தையின் காப்பு மீண்டு வரவில்லை.

நேயர்களே, என்ஜின் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அது உருளைகளைச் சுழற்றுவது மட்டுமன்றி, பிரேக்கிற்கு வலுவும், விளக்கிற்கு மின்னும் தருகின்றது. ஓர் என்ஜினைக் கழற்றும்போது, அதிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு கம்பியும் எதற்குச் சேவகம் செய்தது என்று எழுதி வைக்க வேண்டும். புதிய என்ஜினில் அச்சேவகத்தை எது செய்யப்போகின்றது என்று ஒவ்வொன்றிற்கும் எதிரே எழுத வேண்டும். எதிரே வெற்றிடமாக விடப்பட்ட வரி ஒன்றாவது இருக்கும்வரை, அந்த வாகனம் கராஜை விட்டுப் புறப்படலாகாது.

அப்பட்டியலில் தவறாமல் இடம்பெற வேண்டியவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். முதலாவது மின்சாரம். 1950களில் வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானிய என்ஜினோடு வரும் மின்னாக்கிக்கோ எதிர்முனை உடலோடு சேர வேண்டும். மாற்றாமற் பூட்டினால் மின்னாக்கியின் உள்ளுறுப்புகள் கணத்தில் எரிந்துவிடும். லொறி என்ஜினாயின், கிளப்பும் மோட்டார் 12 வோல்ற்றா, 24 வோல்ற்றா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது குளிர்விப்பு. பழைய ரேடியேற்றர் பழைய என்ஜினின் வெப்பத்திற்கென அமைந்தது. வலுக்கூடிய என்ஜினின் வெப்பத்தை அது ஆற்ற மாட்டாது. மூன்றாவது எரிபொருள். டீசல் பம்பு தனக்கு வேண்டியதிலும் கூடுதலாக உறிஞ்சி, மிகுதியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். அதற்கெனத் திரும்பும் குழாயொன்று வேண்டும். பெற்றோல் இருந்த பழைய தொட்டியின் துருவைச் சுத்தப்படுத்தாமல் டீசலை ஊற்றுவது, பம்பிற்கு நஞ்சு ஊற்றுவதை ஒக்கும். நான்காவது புரிகள். பிரித்தானிய வாகனத்தின் ஆணியும் யப்பானிய வாகனத்தின் ஆணியும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினும், அவற்றின் புரிகள் வேறு. மொறிஸ் கம்பனியின் பழைய என்ஜின்கள் சிலவற்றில், ஆணியின் தலை பிரித்தானிய அளவிலும் புரி மெற்றிக் அளவிலும் இருந்தமையை முதிய மெக்கானிக்குகள் அறிவார்கள். பொருந்தாத ஆணியை வலிந்து இறுக்கினால், அன்று பிடிக்கும். பாரமேறிய நாளிற் கழலும்.

ஐந்தாவதாக, ஏடு. வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் அடிச்சட்ட இலக்கத்தோடு என்ஜின் இலக்கமும் குறிக்கப்பட்டிருக்கின்றது. மோட்டார் வாகனங்கள் பற்றிய நம் நாட்டின் அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். என்ஜினை மாற்றியவர், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்து, ஏட்டிலும் அம்மாற்றத்தைப் பதிவித்துக்கொள்ள வேண்டும். பெற்றோல் டீசலாக மாறுவது இன்னும் பெரிய மாற்றம். ஆகவே பணத்தைச் செலவிடுமுன் திணைக்களத்தில் கேட்டறிவதே நன்று. என்ஜினை வாங்கும்போது இலக்கம் தெளிவாக உள்ள பற்றுச்சீட்டையும், இறக்குமதிப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அவை இல்லாத மலிவான என்ஜின், யாரோ ஒருவரின் களவுபோன வாகனத்தினுடையதாக இருக்கக்கூடும். ஏட்டில் ஓர் இலக்கமும் என்ஜினில் வேறோர் இலக்கமும் இருந்தால், விபத்து நேர்ந்த நாளிலே காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதற் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

எல்லாம் முடிந்தபின், சோதனை ஓட்டம். இதனைச் சமதரையில் வெறும் வண்டியில் நடத்தினாற் போதாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தின் ஒரு பகுதியை ஏற்றி, ஆளரவமற்ற சிறு சரிவொன்றில், மெதுவான வேகத்தில் பிரேக்கைப் பலமுறை சோதித்த பின்னரே நெடும் பயணம் செல்ல வேண்டும். முதல் 500 கிலோமீற்றர் ஓடியபின் தாங்கிகளையும் இணைப்புத் தகட்டின் ஆணிகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீரும் எண்ணெயும் எங்கேனும் கசிகின்றனவா என்று ஒவ்வொரு நாட்காலையும் குனிந்து பார்ப்பது நல்ல வழக்கம்.

நம் நாட்டுக் கராஜ்களில், எழுத்தறிவு குறைவாயினும் கையறிவு மிகுந்த வல்லவர்கள் எத்தனையோ பேர் இருக்கின்றார்கள். இல்லாத உறுப்பைக் கடைந்து படைத்தும், முறிந்ததை ஒட்டியும், கைவிடப்பட்ட வண்டிகளை ஓடச் செய்த அவர்களை நான் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். என் மாமாவின் லொறியைப் பூட்டியவரும் அத்தகைய வல்லவரே. அவர் அறியாதது ஒரு குழாயின் பயன் மட்டுமே. அறியாததைக் கேட்பதற்கு அவர் நாணினார். கேட்க வேண்டும் என்று மாமாவுக்குத் தோன்றவுமில்லை. அந்த இரு மௌனங்களுக்கும் இடையிலே ஒரு சிறுவனின் கை முறிந்தது.

ஆதலால், உங்கள் பழைய வாகனத்திற்கு வேறு என்ஜின் பூட்ட எண்ணுவீர்களாயின், கராஜிற் சென்று எவ்வளவு செலவாகும் என்று கேட்குமுன், பிரேக்கிற்கு என்ன செய்யப்போகின்றீர்கள் என்று கேளுங்கள். விளக்கமாக விடை சொல்பவரிடம் வண்டியை ஒப்படையுங்கள். கேள்வியைக் கேட்டு நகைப்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். கூடுவிட்டுக் கூடு பாயும் உயிர் புதிய கூட்டில் நலமாக வாழட்டும். அக்கூட்டினுள் அமர்ந்து செல்லும் உயிர்களும் நலமாக வீடு வந்து சேரட்டும்.